சிஸ்பிளாட்டினின் முதல் நீராற்பகுப்பு: 24 கிலோகலோரி என்ற எண்ணை எப்படிப் படிப்பது? – ஒரு நிகழ்வு ஆய்வு

சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து, குப்பியில் இருக்கும் வடிவத்திலேயே டி.என்.ஏ.வைத் தாக்குவதில்லை. நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, அதைச் சுற்றித் தளசதுர அமைப்பில் இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும் எனப் பதினோரு அணுக்களே கொண்ட இந்தச் சிறிய அணைவுச் சேர்மத்தில், ஒரு குளோரைடு விலகி அதன் இடத்தில் நீர் மூலக்கூறு வந்து அமர்ந்த பிறகுதான், அது டி.என்.ஏ.வின் காரங்களில் ஒன்றான குவானினின் ஏழாம் நைட்ரஜனோடு பிணையத் தயாராகிறது. இந்த இடமாற்றம் மெதுவானது. அதன் பின் டி.என்.ஏ.வோடு நிகழும் பிணைப்பு ஒப்பீட்டளவில் விரைவானது. ஆகவே மருந்தின் வேகத்தைத் தீர்மானிப்பது நீரோடு நடக்கும் அந்த முதல் வினையே, அதாவது முதல் நீராற்பகுப்பே. கணினி வேதியியலாளர்கள் கால் நூற்றாண்டாக மீண்டும் மீண்டும் திரும்பி வரும் வினையும் இதுதான்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. ஒரு குவாண்டம் வேதியியல் கணக்கீடு, சிஸ்பிளாட்டினின் முதல் நீராற்பகுப்புக்குச் சோதனை தரும் மோலுக்கு 24 கிலோகலோரியோடு ஒத்துப்போகும் கிளர்வுத் தடையை, அதாவது வினை தாண்ட வேண்டிய ஆற்றல் மேட்டின் உயரத்தை, தந்துவிட்டால், அந்தக் கணக்கீட்டை நம்பலாமா? தடையின் உயரம் மட்டும் ஒத்துப்போவது போதுமான சான்றல்ல என்பதே இங்கு முன்வைக்கப்படும் நிலைப்பாடு. வினையின் மொத்தக் கட்டிலா ஆற்றல் மாற்றம், அதாவது வினை எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு, அதைவிடக் கடுமையான சோதனை. பெரும்பாலான கணக்கீடுகள் தடுமாறுவதும் அங்கேதான்.

பின்னணி

சேர்மம் பழையது. இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே 1844-இல் இதைத் தயாரித்தார். தளசதுர வடிவத்தை 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் ஊகித்துச் சொன்னார். அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது பாடநூல் எடுத்துக்காட்டாகவே கிடந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் உயிரணுப் பிரிவைப் பாதிக்கிறதா என்று பார்க்க ஈ.கோலை பாக்டீரியா வளரும் ஊடகத்தில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்தார். பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்தி, இயல்பு நீளத்தைப் போல் 300 மடங்கு வரை இழைகளாக நீண்டன. காரணம் மின்புலம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் ஊடகத்தில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து உருவாக்கிய அணைவுச் சேர்மங்களே என்பது தெளிந்து, 1965-இல் அந்த முடிவு வெளியானது. 1969-இல் எலிகளில் புற்றுக்கட்டிகள் சுருங்குவது காட்டப்பட்டது. 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது.

நீரோடு நடக்கும் வினை நோயாளிக்குச் சொட்டு ஏற்றும் இடத்திலேயே நடைமுறைப் பொருள் பெறுகிறது. சிஸ்பிளாட்டின் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்தோடு 9 மில்லிகிராம் சமையல் உப்பும் சேர்க்கப்பட்டிருக்கும். சொட்டு மருந்தாக ஏற்றும்போதும் உப்புநீரிலேயே கலக்கிறார்கள், ஏனெனில் அங்குள்ள 154 மில்லிமோலார் குளோரைடு, விலகப் பார்க்கும் குளோரைடை வேதிச் சமநிலை வழியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆக்சாலிபிளாட்டின் என்னும் மற்றொரு பிளாட்டினம் மருந்துக்கு இதற்கு நேர்மாறான விதி: அதை உப்புநீரில் கலக்கக் கூடாது, 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில்தான் கலக்க வேண்டும், ஏனெனில் அதன் ஆக்சலேட் ஈனியை, அதாவது பிளாட்டினத்தோடு பிணைந்திருக்கும் தொகுதியை, குளோரைடு வெளியேற்றிவிடும். ஒரே உலோகத்தைக் கொண்ட இரு மருந்துகளுக்கு எதிரெதிரான கலவை விதிகள் இருப்பது மருந்தகப் பணியாளருக்கு மனப்பாடம். வேதியியலாளருக்கு அது ஈனி இடமாற்ற வினையின் சமநிலைக் கணக்கு.

சோதனை தரும் எண்

37 பாகை செல்சியஸில் முதல் நீராற்பகுப்பின் வினைவேக மாறிலியாக வெவ்வேறு ஆய்வகங்கள் அளந்தவை, நொடிக்குச் சுமார் 5 × 10⁻⁵ முதல் 8 × 10⁻⁵ வரை அமைகின்றன. அரைவாழ் காலமாகச் சொன்னால் இரண்டரை மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள். வினைவேகத்தையும் தடையையும் இணைக்கும் ஐரிங் சமன்பாட்டில் இதை இட்டால் கிளர்வுக் கட்டிலா ஆற்றல் மோலுக்கு 24 கிலோகலோரியை ஒட்டி, அதாவது 100 கிலோஜூலுக்குச் சற்று மேலாகக் கிடைக்கிறது. தடையின் உச்சியை அடையும்போது ஏற்படும் ஒழுங்கின்மை மாற்றமும் (கிளர்வு என்ட்ரோப்பி) கன அளவு மாற்றமும் (கிளர்வுக் கன அளவு) பூச்சியத்துக்குக் கீழே உள்ளவை. உள்ளே வரும் நீரும் பிளாட்டினமும் நெருங்கிய பிறகே குளோரைடு முழுமையாக விலகுகிறது என்பதற்கு, அதாவது வினை சேர்க்கை வழியில் நடக்கிறது என்பதற்கு, இது ஆதாரம்.

24 என்ற எண் எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 310 கெல்வினில் தடை சரியாக 24 கிலோகலோரி எனில் அரைவாழ் காலம் சுமார் 2.4 மணி. அதே தடை 25 ஆனால் 12 மணி. 23 ஆனால் அரை மணியை எட்டாது, 29 நிமிடம்தான். ஒரு கிலோகலோரி பிழைக்கு வேகத்தில் ஐந்து மடங்கு பிழை வருகிறது. எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் இன்றைய அடர்த்திச் சார்பியக் கணக்கீடுகள், அதாவது டி.எஃப்.டி. முறைகள், இடைநிலைத் தனிமங்களில் இரண்டு மூன்று கிலோகலோரி தவறுவது சாதாரணம். எனவே அரைவாழ் காலத்தை மணியில் முன்கூட்டிச் சொல்லிவிட்டதாக எழுதும் கட்டுரையைச் சற்று ஐயத்தோடு படிப்பதே நல்லது.

மூலக்கூறைக் கணினியில் அமைத்தல்

பிளாட்டினத்துக்கு 78 எலக்ட்ரான்கள். உட்கூட்டு எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டுவதால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளைத் தவிர்க்க முடியாது. நடைமுறையில் உள்ளிருக்கும் 60 எலக்ட்ரான்களுக்குப் பதிலாக ஒரு விளைவுறு நிலையாற்றலை வைத்து, சார்பியல் திருத்தத்தையும் அதனுள் அடக்கி, மீதமுள்ள 18 எலக்ட்ரான்களை மட்டும் வெளிப்படையாகக் கணக்கிடுகிறார்கள். லாஸ் அலமாஸில் ஹேயும் வாட்டும் 1985-இல் வெளியிட்ட நிலையாற்றலும் அதனோடு வரும் லான்எல்2டிஇசட் பேசிஸ் செட்டும் (எலக்ட்ரான்களின் பரவலை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) இந்தத் துறையில் மிகப் பரவலானவை. ஸ்டுட்கார்ட் குழுவினரின் நிலையாற்றல் மற்றொரு தெரிவு. இலேசான அணுக்களுக்கு வழக்கமான பேசிஸ் செட்களில் ஒன்றும், சார்பியமாக, அதாவது எலக்ட்ரான் அடர்த்தியை ஆற்றலாக மாற்றும் சூத்திரமாக, பெரும்பாலும் பி3எல்ஒய்பி-யும் பயன்படுகின்றன. பிளாட்டினத்தின் பேசிஸ் செட்டில் எஃப் வகைச் சார்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்காத பழைய கணக்கீடுகளில் பிளாட்டினம்–குளோரின் பிணைப்பு படிக அமைப்பின் 2.33 ஆங்ஸ்ட்ராமைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு நீண்டு வரும். இது சிறு குறைதான், ஆனால் உடையப்போகும் பிணைப்பே அது என்பதால் ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

அடுத்தது தடையின் உச்சியில் நிற்கும் வடிவமான கிளர்வுறு அணைவைத் தேடுவது. நீர் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து நெருங்க, ஒரு முக்கோண இருபிரமிடு வடிவம் உருவாகிறது. முக்கோணத் தளத்தில் உள்வரும் நீர், வெளியேறும் குளோரைடு, அந்தக் குளோரைடுக்கு நேரெதிரே இருந்த அம்மோனியா ஆகிய மூன்றும் இருக்கும். மற்ற அம்மோனியாவும் மற்ற குளோரைடும் அச்சு முனைகளில் நிற்கும். கணக்கீடுகளில் பிளாட்டினம்–ஆக்சிஜன் தொலைவு 2.4 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியும், விலகும் குளோரைடின் தொலைவு 2.8-ஐ ஒட்டியும் கிடைக்கின்றன. அவ்விரண்டுக்கும் இடையிலான கோணம் 70 பாகை அளவிலேயே இருப்பதால், உள்ளே வரும் நீரின் ஹைட்ரஜன் வெளியேறும் குளோரைடைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. இவ்வடிவத்துக்கு ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் இருக்க வேண்டும், அதாவது ஒரே ஓர் அசைவின் வழியே மட்டும் ஆற்றல் கீழிறங்க வேண்டும். அந்த அதிர்வில் நீர் நெருங்குவதும் குளோரைடு விலகுவதும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அங்கிருந்து இருபுறமும் வினைப்பாதை வழியே இறங்கினால் ஒருபுறம் வினைபடு பொருளும் மறுபுறம் விளைபொருளும் வந்து சேர வேண்டும்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். கிளர்வுறு அணைவின் வடிவத்தைப் பொறுத்தவரை, வெவ்வேறு முறைகளைப் பயன்படுத்திய குழுக்களிடையே பெரிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. கருத்து வேறுபாடு ஆற்றலில்தான்.

தொடக்கப் புள்ளி எது?

தடை என்பது இரண்டு ஆற்றல்களின் வேறுபாடு. மேல்புள்ளி கிளர்வுறு அணைவு. கீழ்ப்புள்ளியாக எதை வைப்பது? வாயு நிலையில் சிஸ்பிளாட்டினும் ஒரு நீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, தனித்தனியாக இருப்பதைவிட நிலையான ஓர் இணையாகிவிடுகின்றன. அந்த இணையிலிருந்து அளந்தால் தடை உயர்ந்து தெரியும். தனித்தனி மூலக்கூறுகளிலிருந்து அளந்தால் குறைந்து தெரியும். உண்மையான கரைசலில் சிஸ்பிளாட்டினைச் சுற்றி ஏற்கெனவே எல்லாப் பக்கமும் நீர்தான். அந்த ஒரு நீரைத் தனியே கட்டிப்போட்ட இணைக்கு அங்கே தனி மரியாதை கிடையாது. 2006-இல் லாவும் டாய்பெலும் இந்த வினையின் குவாண்டம் கணக்கீடுகளைப் பொருள் கொள்வதில் உள்ள சறுக்கல்களையே தலைப்பாக்கி எழுதினார்கள் என்பது, சிக்கல் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைக் காட்டும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தளசதுர பிளாட்டினத்தின் மேலும் கீழும் நிரம்பிய டி ஆர்பிட்டல் இருப்பதால், அங்கு வரும் நீர் சில அமைப்புகளில் ஆக்சிஜனைக் காட்டாமல் ஹைட்ரஜனை பிளாட்டினத்தை நோக்கித் திருப்பி நிற்கிறது. வினை நடக்க வேண்டுமானால் அந்த நீர் முதலில் திரும்பி ஆக்சிஜனை முன்னிறுத்த வேண்டும். ஒரே ஒரு நீரை வைத்துச் செய்யும் கணக்கீட்டில், தொடக்கப் புள்ளியாக எந்த நிலையைத் தேர்ந்தோம் என்பதே விடையை மாற்றிவிடும்.

என்ட்ரோப்பி இதைவிடப் பெரிய குழி. மென்பொருள்கள் வழக்கமாக நீரை இலட்சிய வாயுவாகக் கருதி அதன் என்ட்ரோப்பியைத் தருகின்றன. 298 கெல்வினில் நீராவியின் என்ட்ரோப்பி மோலுக்குக் கெல்வினுக்கு 188.8 ஜூல், திரவ நீருக்கோ 69.9 மட்டுமே. இந்த வேறுபாட்டை வெப்பநிலையால் பெருக்கினால் 8.5 கிலோகலோரி கிடைக்கும். ஐந்து மடங்கு பிழைக்கு ஒரு கிலோகலோரி போதும் என்ற இடத்தில் இது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிலர் என்ட்ரோப்பியைப் பாதியாக்கிச் சேர்க்கிறார்கள், சிலர் முற்றிலும் விட்டுவிடுகிறார்கள். விடை 24-ஐ நெருங்கும் வரை பாதி, முழுமை, பூச்சியம் என மாற்றிப் பார்ப்பது கணக்கீடு ஆகாது. எந்த விதியைப் பின்பற்றினோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ஒப்பிடும் எல்லாச் சேர்மங்களுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும்.

திட்டநிலைத் திருத்தங்கள், அதாவது எந்தச் செறிவை ஒப்பீட்டுக்கான தொடக்கமாக வைக்கிறோம் என்பதற்கான திருத்தங்கள், இரண்டும் அப்படித்தான். ஒரு வளிமண்டல அழுத்தத்திலிருந்து ஒரு மோலார் செறிவுக்கு மாற்றினால் 1.9 கிலோகலோரி, வினைபடும் நீர் ஒரு மோலார் அல்ல, 55 மோலாருக்கும் மேல் என்பதைச் சேர்த்தால் மேலும் 2.4. இரண்டையும் மறந்துவிட்டால் வினைவேகம் 1,300 மடங்குக்கும் மேல் குறைவாக வரும். கட்டுரைகளின் செயல்முறைப் பகுதியில் இந்த இரண்டு வரிகளைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். பல சமயம் அவை இருக்காது.

குளோரைடு முழுமையாகப் பிரிந்த பிறகு

இங்குதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. மின்சுமையற்ற இரண்டு மூலக்கூறுகள் வினைபட்டு, நேர்மின்சுமை கொண்ட அணைவு அயனியும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனியும் பிறக்கின்றன. ஓரலகு மின்சுமைகள் இரண்டு வெற்றிடத்தில் 4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருந்தால் அவற்றின் ஈர்ப்பு 83 கிலோகலோரி. நீரின் மின்காப்பு மாறிலி 78 என்பதால் அதே ஈர்ப்பு கரைசலில் ஒரு கிலோகலோரி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வாயு நிலைக் கணக்கீட்டில் விளைபொருள்களைப் பிரிப்பதற்கு ஏறத்தாழ முடிவே இல்லாத ஒரு மலை ஏற வேண்டியிருக்கும். ஆகவே பல தொடக்கக் கட்டுரைகள் பிரிந்த விளைபொருளைப் பற்றிப் பேசாமல், ஒட்டிக்கொண்டிருக்கும் அயனி இணையோடு நிறுத்திக்கொண்டன.

கரைப்பானைத் தொடர் ஊடகமாகக் கருதும் முறைகள் இந்த மலையைத் தகர்க்கின்றன. பீசாவில் தொமாசியின் குழு 1981-இல் முன்வைத்த பி.சி.எம்., அதன் வழித்தோன்றல்கள், 2009-இல் மினசோட்டாவிலிருந்து வந்த எஸ்.எம்.டி. ஆகியவை மூலக்கூறைச் சுற்றி ஒரு குழியை வெட்டி, அதற்கு வெளியே மின்காப்பு ஊடகத்தை நிரப்புகின்றன. ஆனால் குளோரைடு அயனியின் நீரேற்றக் கட்டிலா ஆற்றல் −75 கிலோகலோரியை ஒட்டியது. நீர் மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன்களைத் திருப்பி அதைச் சூழ்ந்துகொள்வதால் கிடைக்கும் இந்தத் தொகையை, மென்மையான ஒரு தொடர் ஊடகம் ஓரிரு கிலோகலோரி துல்லியத்தில் தரும் என்று எதிர்பார்ப்பது கடினம். குழியின் ஆரத்தைச் சற்று மாற்றினாலே பல கிலோகலோரி நகர்ந்துவிடும்.

இப்போது சோதனை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முதல் நீராற்பகுப்பின் சமநிலை மாறிலி சில மில்லிமோலார். கணக்குக்காக 5 மில்லிமோலார் என்று வைத்துக்கொண்டால், வினையின் கட்டிலா ஆற்றல் மாற்றம் +3.3 கிலோகலோரி மட்டுமே. பத்துக்கணக்கான கிலோகலோரி கொண்ட பெரும் தொகைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு இந்தச் சிறு எச்சத்தை விடுகின்றன. மருந்து எங்கே விழித்துக்கொள்கிறது என்பதை முடிவு செய்வதும் இந்த எச்சமே. இரத்தத்தில் குளோரைடு 100 மில்லிமோலார் அளவில் இருப்பதால், சமநிலையில் ஒரு நீர் ஏறிய வடிவம் மூல வடிவத்தில் இருபதில் ஒரு பங்குதான். உயிரணுவுக்குள் குளோரைடு 20 மில்லிமோலார் எனில் நான்கில் ஒரு பங்கு. 5 மில்லிமோலாருக்கு இறங்கினால் இரண்டும் சரிசமம். மூன்று கிலோகலோரி பிழைபட்ட கணக்கீடு இந்தப் படத்தையே தலைகீழாக்கிவிடும்: இரத்த ஓட்டத்திலேயே மருந்து முழுவதும் நீராற்பகுப்படைந்துவிடும் என்றோ, உயிரணுவுக்குள் கூட அது அசையாது என்றோ காட்டும்.

அப்படியானால் தடை மட்டும் ஏன் எளிதில் சரியாக வருகிறது? கிளர்வுறு அணைவில் குளோரைடு பாதி வழியில்தான் இருக்கிறது. அதன் எதிர்மின்சுமை இன்னும் முழுமை பெறவில்லை. பிளாட்டினமும் உள்வரும் நீரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே கரைப்பான் மாதிரியின் பிழை அங்கே சிறிதாகிறது. மீதமுள்ள பிழையும், தடையைப் பொதுவாகக் குறைத்துக் காட்டும் பி3எல்ஒய்பி-யின் பழக்கமும், தடையை உயர்த்தும் வாயு நிலை என்ட்ரோப்பியும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள வாய்ப்பு அதிகம். கிலோகலோரிக் கணக்கில் இருபதுக்குச் சற்று மேலிருந்து முப்பதுக்குச் சற்றுக் கீழ் வரை பரவிக் கிடக்கும் கணிப்புகளில் 24-ஐத் தொட்டவை எல்லாம் ஒரே காரணத்தால் தொட்டவை அல்ல.

நீர் மூலக்கூறுகளை வெளிப்படையாகச் சேர்ப்பது ஒரு மாற்று வழி. கர்லோனியும் சகாக்களும் 2000-இல், அணுக்களின் அசைவையும் எலக்ட்ரான்களையும் சேர்த்தே கணக்கிடும் கார்–பாரினெல்லோ மூலக்கூறு இயக்கவியலைக் கொண்டு இந்த வினையை நீர்ப் பெட்டிக்குள்ளேயே நடத்திப் பார்த்தனர். மணிக்கணக்கில் நடக்கும் வினையைப் பைக்கோநொடிக் கணக்கான உருவகப்படுத்தலில் காண முடியாது என்பதால், பிணைப்பு நீளத்தைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக இழுத்து, ஒவ்வோர் இடத்திலும் விசையின் சராசரியை எடுக்க வேண்டியிருக்கிறது. செலவு அதிகம், ஆனாலும் என்ட்ரோப்பியைப் பாதியாக்கும் வேலைகளுக்கு அங்கே இடமில்லை என்பதால், என் கணிப்பில், இந்த வழியே நேர்மையானது.

ஹைட்ராக்சோ வடிவம்

ஒரு நீர் ஏறிய அயனிகளில் பாதி தம் புரோட்டானை இழந்திருக்கும் பி.எச்., அதாவது பி.கே.ஏ., சுமார் 6.5. பி.எச். 7.4-இல் பத்தில் ஒன்பது பங்கு அயனிகள் ஒரு புரோட்டானை இழந்து ஹைட்ராக்சோ வடிவில் இருக்கும். ஹைட்ராக்சைடு எளிதில் விலகும் ஈனி அல்ல. எனவே அந்த வடிவம் டி.என்.ஏ.வோடு வினைபடத் தயங்கும். மற்றக் குளோரைடும் விலகும் இரண்டாம் நீராற்பகுப்பை மட்டும் கணக்கிட்டு, அதன் தடை முதலாவதற்கு நிகரானது என்று காட்டி நிறுத்திவிடும் கட்டுரைகள் இந்தப் புரோட்டானைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு நீர் ஏறிய அயனிக்கு பி.கே.ஏ. மதிப்புகள் 5.4, 7.2 என அளக்கப்பட்டுள்ளன.

கார்போபிளாட்டின் சொல்வது

ஒப்பீட்டுக்கு மிகப் பயனுள்ளது கார்போபிளாட்டின் என்னும் இன்னொரு பிளாட்டினம் மருந்து. இதில் இரண்டு குளோரைடுக்குப் பதிலாக ஒரே ஈனி இரண்டு முனைகளால் பிளாட்டினத்தைப் பற்றியிருக்கிறது. ஒரு முனை விட்டாலும் மறுமுனை பிடித்திருப்பதால் வளையம் மீண்டும் மூடிக்கொள்ள முடியும். நடுநிலைக் கரைசலில் இதன் முதல் படிக்குக் கணக்கீடுகள் தரும் தடை 30 கிலோகலோரியை ஒட்டியது. அதே ஐரிங் சமன்பாட்டில் இதை இட்டால் 37 பாகையில் அரைவாழ் காலம் நான்கு ஆண்டுகளைத் தாண்டுகிறது. சிறுநீரகம் சரியாக இயங்கும் நோயாளியின் உடலிலிருந்தோ, ஏற்றிய பிளாட்டினத்தில் எழுபது விழுக்காடு அளவு ஒரே நாளில் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. நான்கு ஆண்டு அரைவாழ் காலம் கொண்ட வினையை நம்பி அந்த மருந்து வேலை செய்திருக்க முடியாது.

இங்கே இரண்டு முடிவுகள் சாத்தியம். கணக்கீடு ஐந்தாறு கிலோகலோரி தவறியிருக்கலாம். அல்லது கார்போபிளாட்டினைத் திறப்பது வெறும் நீர் அல்லாமல் வேறொன்றாக இருக்கலாம். தூய நீரில் கார்போபிளாட்டின் மிக நிலையானது என்பது மருந்தகத்திலும் ஆய்வகத்திலும் தெரிந்ததே என்பதால், முதல் முடிவைவிட இரண்டாவதே பொருந்துகிறது. இரத்தத்தில் 24 மில்லிமோலார் அளவில் இருக்கும் பைகார்பனேட்டும் அதனோடு சமநிலையில் உள்ள கார்பனேட்டும் வளையத்தைத் திறக்க உதவக்கூடும் என்பதற்குச் சோதனை ஆதாரங்கள் 2000-களின் நடுவிலிருந்து வந்திருக்கின்றன. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களும் நீரைவிட ஆர்வமாக பிளாட்டினத்தை நாடுபவை. கார்போபிளாட்டினுக்கு நீரை மட்டும் உள்வரும் ஈனியாக வைத்து இன்னும் நுண்ணிய சார்பியத்தில் மற்றொரு கணக்கீடு செய்வதைவிட, கார்பனேட்டையும் கந்தக அமினோ அமிலமான மெத்தியோனினையும் அதே கரைப்பான் மாதிரி, அதே என்ட்ரோப்பி விதி, அதே திட்டநிலைத் திருத்தம் ஆகியவற்றோடு வைத்து, தடையை மட்டுமன்றிச் சமநிலை மாறிலியையும் சோதனையோடு ஒப்பிடுவதே அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.